நிர்வாக நோக்கிலான கரைதல்

பாலிமர் வேதியியலில் ஒரு விதி உண்டு. பிசின் காய்ச்சும்போது பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பல்கலைக்கழகத்திலும் ஒரு விதி உண்டு. கூட்டம் என்று கூப்பிட்டால் போகாமல் இருக்கக் கூடாது. முதல் விதியை இயற்கை போட்டது. மீறினால் பிசின் கெட்டுப்போகும். இரண்டாவது விதியைப் பதிவாளர் போட்டார். மீறினால் வேலை கெட்டுப்போகும். இரண்டு விதிகளும் ஒரே நேரத்தில் ஒருவரைக் கூப்பிட்டால் எதற்குப் போவது என்பது பற்றி மட்டும் சுற்றறிக்கை எதுவும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

அவள் வேதியியல் துறையின் கடைக்குட்டி உதவிப் பேராசிரியை. வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அதனால் எந்தப் படியில் ஏறினாலும் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறு காலை வைப்பாள். சுற்றறிக்கையைக் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடாமல் கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆசிரியை என்று அலுவலகத்தில் அவளைப் பற்றிப் பேச்சு உண்டு. அது பாராட்டு அல்ல. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பாள். அப்போது அவள் தகுதிகாண் பருவத்தின் கடைசி ஆண்டில் இருந்தாள். ஆண்டு முடிவதற்குள் 'பணி நிரந்தரம்' என்ற ஆணை வர வேண்டும். வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அம்மா, தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடுவதற்கு அந்த ஆணையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை இறுகிவிட்டால் அதோடு சரி என்கிற ரகப் பிசின்களை உலகம் படகிலும் காற்றாலைச் சிறகிலும் கணினிப் பலகையிலும் பூசி வைத்திருக்கிறது. அவை உடைந்தால் உருக்க முடியாது, கரைக்க முடியாது, குழி தோண்டிப் புதைக்கத்தான் முடியும். இறுக வேண்டிய நேரத்தில் இறுகி, கேட்கிற நேரத்தில் அவிழ்ந்து கொடுக்கிற பிசின் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது படிக்கிற காலத்திலிருந்தே அவள் ஆசை. மற்றவர்கள் இதற்குள் இரண்டு மூன்று ஆசைகளை மாற்றியிருந்தார்கள். அவள் இந்த ஒன்றோடு நின்றுவிட்டாள்.

அன்று காலை, ஸ்டோரிலிருந்து வாங்கி வந்த பெரிய கண்ணாடிக் குடுவையில் பிசின் காய்ந்துகொண்டிருந்தது. அடியில் எண்ணெய்த் தொட்டி, மேலே மோட்டார், நடுவில் நின்று சுற்றும் கலக்குத் தண்டு. அவள் அடிக்கடி ஒரு கண்ணாடிக் குச்சியை விட்டு ஒரு சொட்டு எடுத்து, விரலிடுக்கில் இழுத்துப் பார்த்தாள். சொட்டு அறுந்தால் இன்னும் காய வேண்டும். நூலாக நீண்டால் பதம் வந்துவிட்டது, உடனே ஊற்ற வேண்டும். நூல் பதத்தைத் தாண்டிவிட்டால் குடுவையில் இருப்பது பிசின் அல்ல, கல்.

சொட்டு இன்னும் அறுந்துகொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார்.

"கூட்டம் மேடம். உடனே வரணுமாம்."

"என்ன கூட்டம்?"

அவர் கையில் இருந்த தாளைப் பார்த்துப் படித்தார். "ஆராய்ச்சியாளர்களின் பொன்னான நேரம் வீணாவதைத் தடுப்பது குறித்த அவசரக் கூட்டம்."

"அடுப்புல பிசின் இருக்கே."

"அணைச்சிட்டு வாங்க."

"பாதியில அணைச்சா திரிஞ்சிடும். பதம் வந்ததும் ஊத்தணும்."

"அப்ப சிம்ல வச்சிட்டு வாங்க. எங்க வீட்ல அப்படித்தான்."

அவள் சிம்மில் வைத்துவிட்டுப் போனாள்.

கூட்ட அறையும் அவளுடைய ஆய்வகமும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும். பதிவாளர் நேரத்தின் அருமையைப் பற்றி நிதானமாகப் பேசினார். துறைத்தலைவர் அதை வழிமொழிந்து, பதிவாளர் சொன்னதையே இன்னும் நிதானமாகச் சொன்னார். சுவருக்கு அப்பால் மோட்டார் சத்தம் கனத்துக்கொண்டு வந்தது. அவள் கையைப் பாதி தூக்கினாள். அவள் எப்போதும் பாதிதான் தூக்குவாள்.

"சார், அடுப்புல ஒரு வினை..."

"உட்காருங்கம்மா. முடிஞ்சிடும்," என்றார் துறைத்தலைவர்.

முடியத்தான் செய்தது. எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தும்விட்டார்கள். அந்த நேரத்தில் முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், "ஒரு சின்ன விஷயம்," என்றார்.

கூட்டங்களில் அடிபட்டவர்களுக்கு இந்த மூன்று சொற்களின் எடை தெரியும். எழுந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கூட்டங்களுக்குத் தேநீரை முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா என்பதுதான் சின்ன விஷயம். பெரிய விஷயத்தில் கருத்து இல்லாதவர்கள் எல்லோருக்கும் இதில் கருத்து இருந்தது. இடையில் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது சுவருக்கு அப்பால் மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு நின்றது.

அவள் ஓடி வந்து பார்த்தபோது குடுவை நிறையத் தேன் நிறத்தில் ஒரு கட்டி. கலக்குத் தண்டு அதன் நடுவில் கொடிக்கம்பம் போல அசையாமல் நின்றது. பக்கத்தில் வெப்பமானி புதைந்திருந்தது. ஆட்டினாள், அசையவில்லை. கவிழ்த்தாள், ஒரு சொட்டு விழவில்லை. பிசின் குடுவையை இறுகக் கட்டிக்கொண்டு, இனி இதுதான் என் வீடு என்பது போல இருந்தது.

மறுநாள் அவள் ஸ்டோர்க்காரரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"குடுவை உடைஞ்சிருக்கா?" என்றார் அவர்.

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கு. உள்ளதான் கட்டி பிடிச்சிருக்கு."

"உடைஞ்சிருந்தா பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம். உடையலையே."

"நானே உடைச்சிடறேன் சார்."

"நீங்க உடைச்சா அது வேணும்னே பண்ணின சேதம். அதுக்கு விசாரணைக் குழு போடணும்."

"அப்ப கட்டியோட திருப்பிக் கொடுக்கட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உங்களுக்குக் கொடுக்கும்போது காலியாக் கொடுத்தேன். காலியா வாங்கிப்பேன். உள்ள இருக்கிறது எங்க பட்டியல்லயே இல்ல. இல்லாத பொருளை நான் எப்படிம்மா வாங்க முடியும்?"

"அப்ப குப்பையில போட்டுடலாமா?"

"இல்லாத பொருளை எப்படிம்மா குப்பையில போட முடியும்?"

இதில் தவறு கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஸ்டோர்க்காரரே, நல்ல மனிதர், நினைவுபடுத்தினார். "உங்களுக்கு இந்த வருஷம் நிரந்தரம் ஆகணும் இல்ல? அதுக்கு ஸ்டோர்ல பாக்கி எதுவும் இல்லைனு நான் சான்று கொடுக்கணும். குடுவை வந்தாத்தான் சான்று. பாத்துக்குங்க."

ஆக, ஆணை வேண்டுமென்றால் சான்று வேண்டும். சான்று வேண்டுமென்றால் குடுவை காலியாக வேண்டும். குடுவை காலியாக வேண்டுமென்றால், எதற்கும் கரையாததைக் கரைக்க வேண்டும். அவளுடைய பல ஆண்டு ஆசையும் அவள் அம்மாவின் தையல் மிஷின் உறையும் அன்றிலிருந்து ஒரே குடுவைக்குள் மாட்டிக்கொண்டன.

குடுவையின் கழுத்தில் வழிந்து இறுகியிருந்த சிம்புகளைச் சுரண்டி எடுத்து, கிடைத்த திரவத்தில் எல்லாம் ஊறப் போட்டாள். சிம்புகள் குளித்துவிட்டு வந்தவை போலப் பளபளப்பாக வெளியே வந்தன. ஒன்றும் கரையவில்லை.

இந்த நேரத்தில்தான் தர மதிப்பீட்டுக் குழு வந்தது.

அந்த ஆண்டு எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒரு காய்ச்சல் பிடித்திருந்தது. அதற்கு முந்தைய காய்ச்சல் கண்ணாடிச் சுவர்கள். எல்லா அறைகளுக்கும் வெளிப்படையான கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். யார் யார் தூங்குகிறார்கள் என்பது வெளியே தெரிந்ததால், கண்ணாடி மீது கறுப்புத் தாள் ஒட்டினார்கள். இந்த ஆண்டுக் காய்ச்சலுக்குப் பெயர் 'தனித்துவ அடையாளம்'. வேறெங்கும் இல்லாத ஒன்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது.

துறைத்தலைவர் காலையிலேயே ஆய்வகத்துக்கு வந்து கட்டியைப் பார்த்தார். "இது என்னம்மா அசிங்கம்? துணி போட்டு மூடுங்க."

அவள் வெள்ளைத் துணியால் மூடினாள். ஆய்வகத்தில் இருந்த எல்லாவற்றையும் விட, மூடியிருந்த அந்த ஒன்றுதான் குழுவின் கண்ணில் பட்டது. குழுத்தலைவர் நேராக அதன் முன்னால் வந்து நின்றார்.

"இதைத் திறக்கலாமா?"

துறைத்தலைவர் வேறு திசையைப் பார்த்தார். அவள் துணியை எடுத்தாள். ஜன்னல் வெயில் கட்டிக்குள் புகுந்து, மேசை முழுதும் மஞ்சள் ஒளியைக் கொட்டியது. குழுத்தலைவர் இன்னும் கிட்டப் போனார்.

"என்ன இது?"

"தப்பாப் போன வினை, ஐயா," என்றாள் அவள். அவளுக்குப் பொய் வராது என்பதல்ல. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், பயம் வரும்போது உண்மைதான் முதலில் வரும்.

"அடக்கமாச் சொல்றாங்க," என்றார் துறைத்தலைவர், சட்டென்று திரும்பி.

"இல்ல ஐயா, நிஜமாவே தப்புதான். பதம் தாண்டிடுச்சு."

"எல்லா எடத்துலயும் சரியாப் போனதையே காட்டுவாங்க," என்றார் குழுத்தலைவர். "பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. இது என்ன பண்ணாலும் கரையாதா?"

"இதுவரைக்கும் கரையல."

அவர் பின்னால் இருந்தவரிடம் திரும்பினார். "எழுதிக்குங்க. எதற்கும் அசையாத உறுதி. பதங்களைக் கடந்த முன்னேற்றம்."

அன்று மாலைக்குள் பல்கலைக்கழகத்துக்குத் தனித்துவ அடையாளம் கிடைத்துவிட்டது.

கட்டி, குடுவையோடும் கலக்குத் தண்டோடும் வெப்பமானியோடும், நிர்வாகக் கட்டடத்தின் முகப்புக்குக் குடிபோயிற்று. கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். அடியில் ஒரு விளக்கு. 'எதற்கும் கரையாதது' என்று பித்தளையில் எழுதினார்கள். துணைவேந்தர் திறந்துவைத்தார். கட்டியைப் போலவே நாமும் ஒன்றுபட்டு இறுகி நிற்க வேண்டும் என்று பேசினார். பல்கலைக்கழக முத்திரையில் இருந்த விளக்கை எடுத்துவிட்டுக் கட்டியை வைத்தார்கள். 'உயர்செறிவு நிலைப்பொருள் சிறப்பு மையம்' என்று ஒரு பலகை தொங்கிற்று. அவள்தான் அதன் ஒருங்கிணைப்பாளர். மாணவர்கள் அவளைக் கட்டி மேடம் என்றார்கள். முகப்பில் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. கணிதத் துறைத்தலைவர் ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க துறைக்கும் சின்னதா ஒண்ணு பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டார். சில மாதங்களில் பக்கத்துப் பல்கலைக்கழகம் இதைவிடப் பெரிய கட்டி ஒன்றைத் திறந்துவைத்தது. தரவரிசையில் கட்டியின் எடைக்கும் மதிப்பெண் சேர்க்கப்போவதாக வதந்தி வந்தது.

மாதாமாதம் ஸ்டோர்க்காரர் மட்டும் கையில் பட்டியலோடு முகப்புக்கு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்ப்பார். குடுவை இருக்கிறது. காலியாக இல்லை. போய்விடுவார்.

அம்மா ஒருநாள் பார்க்க வந்தாள். பெட்டியின் முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"இதையா நீ பண்ணின?"

"தப்பாப் பண்ணினதும்மா."

"தப்புன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"நான் தப்பா வெட்டின சட்டையை ஒருத்தராவது கண்ணாடிப் பெட்டியில வச்சாங்களாடி? துணியோட விலையைத்தான் கேட்டாங்க." அம்மா விளக்கையும் பித்தளை எழுத்தையும் ஒருமுறை பார்த்தாள். "சரி, இருக்கட்டும். வேலை நிரந்தரம் ஆச்சா?"

"இன்னும் இல்ல."

"இவ்வளவு பெரிசா வச்சும் ஆகலையா? இன்னொண்ணு தப்பாப் பண்ணிப் பாரேன்."

அம்மா சிரிக்காமல்தான் சொன்னாள்.

அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. சிறப்பு மையத்துக்கு வரும் விருந்தினர்களுக்குக் கட்டியைப் பற்றிச் சொல்லி அனுப்பிவிட்டு, மீதி நேரத்தில் சிம்புகளோடு மல்லுக்கட்டினாள். எந்தப் பிணைப்பு எங்கே கூடுதலாக விழுந்தது, அதை எப்படிப் பிரிப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஒருநாள் கொஞ்சம் ஆல்கஹாலும் கொஞ்சம் வினையூக்கியும் சேர்த்து மிதமாகச் சூடு காட்டிய கிண்ணத்தைப் பார்த்தாள். சிம்பைக் காணோம். தெளிந்த திரவம் மட்டும் இருந்தது. அந்தத் திரவத்தைக் காய்ச்சினால் மறுபடி இறுகியது. இறுகியதை மறுபடி கரைத்தாள். மறுபடி காய்ச்சினாள். எத்தனை முறை கேட்டாலும் அவிழ்ந்து கொடுத்தது. படிக்கிற காலத்திலிருந்து அவள் ஆசைப்பட்டது கிண்ணத்தில் கிடந்தது. ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லாததால், நாற்காலியிடம் சொன்னாள்.

பிறகு துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

"கரைஞ்சிடுச்சு சார்."

"எது?"

"கட்டி. அதாவது, கட்டியோட சிம்பு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "யாருக்காவது சொன்னீங்களா?"

"இல்ல சார். உங்களுக்குத்தான் முதல்ல."

"நல்ல வேளை. யோசிச்சுப் பேசுங்கம்மா. நம்ம அடையாளமே அது கரையாததுதான். அதைக் கரைக்கிறதுக்கு வழி கண்டுபிடிச்சது யாரு? அதோட மையத்துக்கே ஒருங்கிணைப்பாளர். எவ்வளவு கேவலம்."

"ஆனா சார், கரைச்சாத்தான் குடுவை காலியாகும். காலியானாத்தான் ஸ்டோர்ல சான்று. சான்று வந்தாத்தான் எனக்கு நிரந்தரம்."

"கரைச்சா அடையாளத்தை அழிச்சதுக்கு நடவடிக்கை. உங்களுக்கு வேலையே போயிடும்."

"கரைக்கலைன்னாலும் வேலை போயிடும் சார்."

"அது நிர்வாகச் சிக்கல். இது ஒழுங்கீனம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

கரைக்கக் கூடிய திரவம் எதுவும் நிர்வாகக் கட்டடத்துக்குள் கொண்டுவரப்படக் கூடாது என்று மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. தண்ணீரும் ஒன்றைக் கரைக்கக் கூடியதுதானே என்று யாரோ சந்தேகம் கேட்க, முகப்பில் இருந்த குடிநீர்க் குழாயையும் மூடினார்கள். அந்தச் சுற்றறிக்கையையும் அவள் கடைசி வரி வரை படித்தாள்.

ஆண்டு முடியப்போகிற நேரத்தில் மதிப்பீட்டுக் குழு மறு ஆய்வுக்கு வந்தது. இம்முறை குழுத்தலைவர் கையில் புதிய விதிமுறை இருந்தது. அடையாளம் என்பது தற்செயலாக வந்ததாக இருக்கக் கூடாது. கேட்டால் இன்னொரு முறை செய்து காட்டக் கூடியதாக இருக்க வேண்டும்.

"இன்னொண்ணு பண்ணிக் காட்ட முடியுமாம்மா?" என்றார் அவர்.

பதிவாளரும் துறைத்தலைவரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கு மறுபடியும் பயம் வந்தது. பயம் வந்ததால் மறுபடியும் உண்மை வந்தது.

"முடியும் ஐயா. ஆனா அதுக்கு ஒரு கூட்டம் வேணும்."

"என்ன கூட்டம்?"

"அன்னைக்கு நான் பிசின் காய்ச்சிட்டிருந்தேன். நடுவுல கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. முடிஞ்சிடும் முடிஞ்சிடும்னாங்க. முடியல. அதுக்குள்ள பதம் தாண்டிடுச்சு. கூட்டம் இல்லேன்னா இந்தக் கட்டி வராது."

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள். பதிவாளர் மெல்ல மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எத்தனை வருஷமாக் கூட்டம் போடறோம்," என்றார் தழுதழுத்த குரலில். "ஒரு கூட்டத்துலேர்ந்து என்ன வந்ததுன்னு ஒருத்தர் கேட்டா ஒருநாளாவது பதில் சொல்ல முடிஞ்சுதா? கையில எடுத்துக் காட்டற மாதிரி ஒரு விளைவு..."

"எழுதிக்குங்க," என்றார் குழுத்தலைவர். "ஆராய்ச்சியில் நிர்வாகக் கூட்டங்களின் வினையூக்கப் பங்கு. இதுவரை யாரும் நிறுவாதது." பிறகு அவளைப் பார்த்தார். "சரி, எப்ப பண்றீங்க? இன்னைக்கே பண்ணிடலாமா?"

உடனே ஸ்டோர்க்காரருக்கு ஆள் போயிற்று. அவர் பட்டியலோடு வந்தார்.

"இன்னொரு குடுவை வேணும்," என்றார் பதிவாளர்.

"முதல் குடுவை திரும்பி வந்தாத்தான் சார் இன்னொண்ணு. விதி."

"அது பெட்டியில இருக்கே."

"காலியா வரணும் சார்."

பதிவாளரே நேரில் கேட்டும் அவர் அசையவில்லை. அந்தக் கட்டடத்தில் எதற்கும் கரையாதது கட்டி மட்டும் அல்ல. எல்லோரும் வழி தெரியாமல் நின்றபோது, "கரைக்கிறதுக்கு ஒரு திரவம் இருக்கு," என்றாள் அவள், மிகவும் மெதுவாக.

துறைத்தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் பதிவாளர் அனுபவசாலி. அந்த இடத்திலேயே ஒரு குறிப்பாணை எழுதினார்: மேற்படி கட்டியைக் கரைப்பது முற்றிலும் நிர்வாக நோக்கிலான கரைதல் ஆகும், அறிவியல் நோக்கில் கட்டி எதற்கும் கரையாததாகவே தொடர்ந்து கருதப்படும்.

முகப்பில், விளக்கு வெளிச்சத்தில், எல்லோரும் சூழ்ந்து நிற்க, அவள் திரவத்தை ஊற்றி மிதமாகச் சூடு காட்ட, கட்டி கரைந்தது. முதலில் ஓரங்கள் கலங்கின. பிறகு வெப்பமானி சாய்ந்தது. பிறகு கொடிக்கம்பம் போல நின்ற தண்டு ஒரு பக்கமாகப் படுத்தது. உலகம் முழுவதும் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருக்கிற பொருளை மீட்டெடுக்கிற வழி, ஒரு குடுவையில், எல்லோர் கண் முன்னாலும் நடந்துகொண்டிருந்தது. குழுத்தலைவர் அவள் பக்கம் குனிந்து, "இதுக்கு என்ன பேர் போடலாம்?" என்று கேட்டார்.

துறைத்தலைவர்தான் பதில் சொன்னார். "பாத்திரம் துலக்கும் முறைன்னு போடுங்க."

அப்படியே எழுதினார்கள்.

கரைந்ததை அவள் வேறு பாத்திரத்தில் ஊற்றியதும், ஸ்டோர்க்காரர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காலி. பாக்கி இல்லை என்று அந்த இடத்திலேயே சான்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதே குடுவையை அவளுக்கே மறுபடி கொடுத்தார். பதிவாளர் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து அவளிடம் காட்டினார். பணி நிரந்தர ஆணை. கையெழுத்து மட்டும் பாக்கி.

"கட்டி வந்ததும் போட்டுடறேன்மா," என்றார் அன்போடு.

அவள் ஆய்வகத்துக்குப் போய்ப் பிசினைக் காய்ச்சினாள். கெடுவதற்காகவே காய்ச்சினாலும், கலவையைத் தப்பாகப் போட அவளுக்குக் கை வரவில்லை. இத்தனை நாள் கற்றுக்கொண்டதை எல்லாம் சேர்த்து, இதுவரை செய்ததிலேயே சரியாகத்தான் போட்டாள். சொட்டு அறுந்துகொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் வந்தார்.

"கூட்டம் மேடம்."

அவள் சிம்மில் வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாத் துறைகளிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் பழையபடி சுவரோரம் உட்கார்ந்தாள். கடைசி வரிசையின் மறு முனையில், அந்த வாரம்தான் சேர்ந்த புது உதவிப் பேராசிரியை ஒருத்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பதிவாளர் எழுந்தார். பேசுவதற்கு இம்முறை விஷயம் எதுவும் இல்லை. கட்டி வரும்வரை கூட்டம் நடத்துவது என்பதுதான் விஷயம். எல்லோருக்கும் கட்டியைப் பார்க்கிற அவசரம் வேறு. பதிவாளர் தடுமாறினார். துறைத்தலைவர் வழிமொழிந்தார். தேநீரைப் பற்றிக்கூட யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் முதல் தடவையாக ஒரு கூட்டம் சீக்கிரம் முடியப் பார்த்தது.

அவள் சுவரில் காதை வைக்காத குறையாகக் கேட்டாள். மோட்டார் சத்தம் இப்போதுதான் கனக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இந்த நொடியில் போய்க் குச்சியை விட்டு இழுத்தால் அறுபடாமல் நூலாக நீளும். இந்த நொடியில் ஊற்றினால், அவள் ஆசைப்பட்ட பிசின், முதல் முறையாக, முழுக் குடுவை அளவுக்குக் கையில் இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அது கல்.

"அப்ப முடிச்சுக்கலாமா?" என்றார் பதிவாளர். கோப்பு அவர் கையில் இருந்தது. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. எல்லோரும் எழுந்தார்கள்.

அவளும் எழுந்தாள். வாசல் பக்கமாக ஓர் அடி வைத்தாள். மறு காலை வைப்பதற்கு முன், வழக்கம் போல நின்றாள். ஊரில் அம்மாவின் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் சுவருக்கு அப்பால் கேட்கிற மாதிரி இருந்தது.

கையைத் தூக்கினாள். இம்முறை முழுதாக.

"ஒரு சின்ன விஷயம்," என்றாள்.

எழுந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பதிவாளர் நன்றியோடு அவளைப் பார்த்தார். ஆராய்ச்சியாளர்களின் நேரம் எப்படியெல்லாம் வீணாகிறது என்று அவள் பேசத் தொடங்கினாள். அதில் அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது, எல்லாமே உண்மை. நன்றாகத்தான் பேசினாள். முன்வரிசையில் தலையாட்டினார்கள்.

பேச்சு நடுவில் இருக்கும்போது, கடைசி வரிசையின் மறு முனையில் ஒரு கை பாதி உயர்ந்தது.

"மேடம், என்னோட அடுப்புலயும் ஒரு வினை..."

அவள் பேச்சை நிறுத்தவில்லை. கையால் மட்டும் சைகை காட்டினாள்.

"உட்காருங்கம்மா," என்றாள். "முடிஞ்சிடும்."